ஒரு கொத்துக்கு அரைப்பேர்

சிவனொளிபாதமலை சீசன் தொடங்கி ரெண்டு கிழமை இருக்கும். கம்பஸில் எங்களோட படிக்கிற மட்டக்களப்பு நண்பர்கள் ஏழு பேர் மலையேற வர்றதா சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி போட்டிருந்தாங்க: "ஹட்டன்ல இறங்குவம். நல்ல சாப்பாட்டுக் கடை ஒண்டு சொல்லுங்க."

எங்களில் ஒருத்தர் டிக்கோயா, ஒருத்தர் நோர்வூட், ரெண்டு பேர் மஸ்கெலியா, ஒருத்தர் பொகவந்தலாவை. எல்லாருக்கும் டவுன் என்றால் ஹட்டன்தான். தீபாவளிக்கு உடுப்பு எடுத்தது, சனிக்கிழமை டியூஷனுக்கு வந்தது, மாணிக்கப் பிள்ளையார் கோயில் தேர் பார்த்தது, முதல்முறை கம்பஸுக்குக் கோச்சி ஏறினது எல்லாம் அங்கதான். ஆனா அந்த ஒரு கேள்விக்கு எங்களால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியல. பதிலுக்குப் பதில் கேள்விகள்தான் போச்சு. பகலா ராத்திரியா? பொம்பளப் புள்ளைங்க வர்றாங்களா? கையில எவ்வளவு இருக்கு? உக்காந்து சாப்பிடணுமா, பார்சலா?

"கடை கேட்டா விசா குடுக்கிற மாதிரி விசாரிக்கிறீங்க" என்று அவங்க சிரிச்சாங்க. நாங்களும் சிரிச்சோம். பிறகுதான் யோசிச்சோம், ஏன் நமக்கு இந்தக் கேள்விகள் இல்லாம ஒரு கடையைச் சொல்ல வரல என்று.

போனைத் திறந்து தேடிப் பார்த்தால், எங்க ஊர்ப் பக்கம் 'நல்ல சாப்பாடு' என்று உலகத்துக்குத் தெரிஞ்ச இடங்கள் வேற. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுத்தி இருக்கிற பழைய துரைமார் பங்களாக்களை 2005இலிருந்து விருந்தினர் விடுதியா நடத்துற சிலோன் டீ ட்ரெயில்ஸ். கந்தப்பளையில் 1996இல் ஹோட்டலா மாறின பழைய தேயிலைத் தொழிற்சாலை. தலவாக்கலை ரோட்டில் சென். கிளயர் பக்கம் கோட்டை மாதிரி கட்டி வச்சிருக்கிற டீ சென்டர். நுவரெலியாவில் 1876இல் தோட்டத் துரைமார் தொடங்கின ஹில் கிளப், இரவுச் சாப்பாட்டுக்கு ஆம்பளைங்க கோட்டும் டையும் போடணும் என்ற பழக்கத்தோட பேர் போனது. இங்கெல்லாம் சாப்பாடு நல்லா இருக்காது என்று நாங்க சொல்லல. நல்லாத்தான் இருக்கும். பங்களாக் குசினியில் சமைக்கிற அப்புமார் எங்க லயங்களிலிருந்து போனவங்க. எங்களில் ஒருத்தரோட தாத்தா முப்பது வருஷம் பங்களா அப்பு. துரைக்குப் புடிங் செய்வார், வீட்டுக்கு வந்து ரொட்டி தின்பார். அந்தப் புடிங் எப்படி இருக்கும் என்று பாட்டிக்குக்கூடத் தெரியாது.

விஷயம் காசும்தான், காசு மட்டுமும் இல்ல. முதல்ல காசைப் பேசிடுவோம்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்று சொல்வோம். செக்ரோலில் முழுப்பேர் விழுந்தா முழு நாள் சம்பளம். சொன்ன கிலோ கொழுந்து பறிக்கலன்னா அரைப்பேர். 2021இல் ஆயிரம் ரூபாவா இருந்த நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. பிடிப்பெல்லாம் போகக் கையில வர்றது அதைவிடக் குறைவு. இந்தக் கணக்கை எங்க வீட்டில் யாரும் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கல. ஆனா ஒரு மெனுவைப் பார்த்தால் எங்க கண்ணு தானா அந்தக் கணக்கைத்தான் போடுது. அந்தச் சம்பளம் இருந்த நேரம் ஹட்டனில் சாதாரணக் கடையில் ஒரு சிக்கன் கொத்து எழுநூறு, எண்ணூறு ரூபா. அதாவது அரைப்பேருக்கு மேல. நுவரெலியாவில் கண்ணாடி ஜன்னல் போட்ட கஃபே ஒன்றில் ஒரு கோப்பியும் ஒரு துண்டு கேக்கும் எடுத்தால் முழுப்பேர் போயிடும். பெரிய ஹோட்டல்களில் மாலை நேரத்து 'ஹை டீ'க்கு நாலஞ்சு பேராவது வேணும். அந்த டீக்குக் கொழுந்து பறிச்சவங்களோட நாலஞ்சு நாள்.

அதனால நாங்க ஒரு யோசனைக்கு வந்தோம். இனி எங்க பக்கத்துக் கடைகளுக்கு நட்சத்திரம் போடுறத விட்டுட்டு 'பேர்' போடுவோம். பிளேன் டீயும் ரெண்டு உளுந்து வடையும், காப்பேர்கூட இல்ல. மீன் சோத்துப் பார்சல், அரைப்பேருக்குக் கொஞ்சம் கீழ. விளையாட்டாத்தான் தொடங்கினோம். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தால் நட்சத்திரத்தைவிட இதுதான் எங்களுக்கு ஒழுங்கா விளங்குது.

இதை வச்சு ஹட்டனில் நல்ல சாப்பாடே கிடையாது என்று யாரும் நினைச்சிடக் கூடாது. கிடைக்கும், தாராளமாக் கிடைக்கும். காலையில கோச்சி வர்ற நேரத்துக்கு ஸ்டேஷன் பக்கமிருந்து நடந்து வந்தா, முட்டை ரொட்டி கல்லுல விழுற சத்தமும் பேக்கரியிலிருந்து மீன் பானோட வாசமும் ஒண்ணா வரும். சைவக் கடைகளில் தோசைக்கு ஊத்துற சாம்பார் கம்பஸ் கன்டீன் பருப்புத் தண்ணியை நினைச்சு அழ வைக்கும். முஸ்லிம் ஹோட்டல்களில் பராட்டாவுக்குத் தர்ற ஆணம் தனிக் கதை. மழை பெய்யிற பின்னேரத்தில் ஒரு தட்டு நிறைய சோட்டீஸ் கொண்டு வந்து வைப்பாங்க: ரோல்ஸ், கட்லட், பெட்டீஸ், மரக்கறி ரொட்டி. தின்னதுக்கு மட்டும் காசு, மிச்சம் திரும்பிப் போகும். வெளிநாட்டுக்காரங்களுக்கு இது பெரிய ஆச்சரியமாம். முழுத் தட்டுக்கும் காசு கேப்பாங்க என்று பயந்து சிலர் தொடவே மாட்டாங்க. எங்க பயம் வேற மாதிரி. தட்டைப் பார்த்தவுடனே 'நாம ரெண்டுக்கு மேல எடுக்கக் கூடாது' என்று மனசுக்குள்ள ஒரு குரல்.

நல்ல கடையைக் கண்டுபிடிக்கிறதுக்கும் எங்களுக்கு வழி தெரியும். பஸ் கண்டக்டர் எங்க சாப்பிடுறார் என்று பாருங்க. அவருக்கு இருக்கிறது பத்து நிமிஷம், தினமும் சாப்பிடணும், வயிறு கெட்டா வேலை கெடும். நுவரெலியாவில் என்றால், மார்க்கட்டுக்கு மரக்கறி ஏத்தி இறக்குற லொறிக்காரங்க நுழையிற கடை. ஒன்பது மணிக்கெல்லாம் சம்பல் முடியிற கடை நல்ல கடை, ராத்திரி எட்டு மணிக்கும் அதே சம்பல் இருக்கிற கடைக்குப் போகாதீங்க. கேக்காமலே சுடுதண்ணி வைக்கிற கடைக்கு நாங்க ஒரு மார்க் கூடப் போடுவோம், இந்தக் குளிருக்கு அதுதான் மரியாதை. எல்லாத்தையும் விட நம்பிக்கையான வழி, குசினிக்குள்ள யாரு நிக்கிறாங்க என்று பார்க்கிறது. ஹட்டனில் மட்டுமில்ல, கொழும்பு வெள்ளவத்தையில்கூட கொத்து போடுறது, மேசை துடைக்கிறது, கோப்பை கழுவுறது பாதிக்குப் பாதி எங்க தோட்டத்துப் பசங்க. எங்களோட ஆறாம் வகுப்பு வரைக்கும் படிச்ச ஒருத்தன் இப்ப ஒரு கடையில் கொத்து போடுறான். "இன்னிக்கு வேணாம்டா, நேத்து எறச்சி" என்று கண்ணால சொல்லிடுவான். எந்த ஆப்பிலயும் இந்தத் தகவல் வராது.

ஆக, ருசியான கடை தெரியும், விலை தெரியும், எண்ணெய் எத்தனை நாள் பழசு என்றுகூடத் தெரியும். பிறகு ஏன் அத்தனை கேள்வி?

இங்கதான் ஒரு சம்பவத்தைச் சொல்லணும். போன லீவில் எங்களில் ஒருத்தரோட அம்மா சீனி வருத்தத்துக்கு இரத்தம் பரிசோதிக்க டவுனுக்கு வந்திருந்தாங்க. வெறும் வயித்துல வரச் சொன்னதால, காலையில நாலரைக்கு எழும்பினவங்க பத்தரை வரைக்கும் ஒண்ணும் சாப்பிடல. நாங்க மூணு பேர் கூட இருந்தோம். "வாங்கம்மா, உக்காந்து சாப்பிட்டுப் போவோம்" என்று கூப்பிட்டா, "வீட்டுக்குப் போயி சாப்பிட்டுக்கலாம் புள்ள, ஒரு பன் வாங்குனா போதும், பஸ்ஸுல தின்னுக்கிறேன்" என்கிறாங்க. வீடு ஒண்ணரை மணித்தியாலத் தூரம். வற்புறுத்தி ஒரு கடைக்குள்ள கூட்டிட்டுப் போனோம். கடைப் பேர் வேணாம், அது எந்தக் கடையாகவும் இருந்திருக்கலாம்.

அம்மா கதிரை நுனியில் உக்காந்தாங்க. பையை மடியிலயே வச்சிருந்தாங்க. பரிமாற வந்த பையனுக்கு எங்க வயசுகூட இருக்காது, அவனை "ஐயா" என்றாங்க. மெனு சிங்களத்திலயும் ஆங்கிலத்திலயும் இருந்தது. பாதிக்கு மேல தமிழ் பேசுற ஆக்கள் இருக்கிற மாவட்டத்தில், அம்மா ஒவ்வொண்ணா விலை கேக்க வேண்டி இருந்தது. மூணாவது கேள்வியில் பையனுக்குப் பொறுமை போச்சு. பக்கத்து மேசைக்கு ரெண்டு டூரிஸ்ட் வந்ததும் கவுண்டரிலிருந்து முதலாளி, "அவங்கள அங்குட்டு மாத்தி உக்கார வை" என்றார். அங்குட்டு என்றா, கோப்பை கழுவுற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த மேசை. நாங்க எழும்பல, சண்டையும் போடல. தோசை வந்தது, தோசை நல்லாவே இருந்தது. சாப்பிட்டு முடிஞ்சு அம்மா மெதுவா எங்களில் ஒருத்தியிடம், "கக்கூஸ் இருக்கா கேளு" என்றாங்க. பூட்டு, சாவி முதலாளியிட்ட, முதலாளி வெளியில போயிட்டார்.

திரும்பி வரும்போது அம்மா சொன்னது ஒண்ணுதான்: "இதுக்குத்தான் பன்னு போதும்னேன்."

பொம்பளைங்க ஏன் டவுனில் உக்காந்து சாப்பிடுறதில்ல என்று யாராவது ஆராய்ச்சிக்கு எடுத்தால், அந்தக் கக்கூஸ் சாவியிலிருந்து தொடங்கலாம். மலையில் கொழுந்தெடுக்கிற இடத்திலயும் அந்த வசதி கிடையாது, வாங்கிச் சாப்பிட வந்த இடத்திலயும் கிடையாது. அதனால காலையிலிருந்து தண்ணி குடிக்காம இருக்கிறது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. எங்க வயசுப் பொம்பளப் புள்ளைங்களுக்கு இன்னொரு கணக்கும் சேருது. கீழ ஆம்பளைங்க நிறைஞ்ச கடை என்றால் மேல் மாடி இருக்கா? 'ஃபேமிலி ரூம்' என்று திரை போட்ட பெட்டி இருந்தா அதுக்குள்ள போய் உக்கார்றது பாதுகாப்பா, இல்ல வேற பேச்சுக்கு இடமா? ஒரு பிளேன் டீயை வச்சிட்டு அரை மணித்தியாலம் பேச முடியுமா, இல்ல பத்தாவது நிமிஷத்தில் பில்லு வந்திடுமா? பசங்களுக்குச் சந்தியில் நின்னே பேச முடியும். இவங்களுக்கு அதுவும் இல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதைக் கடைக்காரங்க தலையில் மட்டும் கட்ட முடியாது. வெளியில சாப்பிடுறதே எங்க வீடுகளில் ஊதாரித்தனம். சம்பளம் போடுற பத்தாம் திகதியை ஒட்டி டவுனுக்கு வந்தா அப்பா ஒரு பராட்டா வாங்கிக் குடுப்பார். அது புள்ளைங்களுக்கு. அவங்க ரெண்டு பேரும் தேத்தண்ணி மட்டும் குடிப்பாங்க. எங்க பாட்டிமார் தலைமுறை 1973, 74 பஞ்சத்தைப் பார்த்தது. தோட்டங்களில் அரிசியும் மாவும் இல்லாம ஆக்கள் பட்டினியில் செத்த காலம். அந்த நினைப்பு இருக்கிற வீட்டில், சமைச்ச சாப்பாடு வீட்டில் இருக்கும்போது கடையில் காசைக் குடுக்கிறது பாவம் மாதிரித்தான் படும். எங்களுக்கே சில நேரம் படுது.

கடைக்காரங்க பக்கத்தையும் சொல்லணும். 2022இல் காஸ் இல்லாம, மா இல்லாம, விறகு வச்சு சமைச்சு கடையைத் திறந்து வச்சிருந்த ஆக்கள் இருக்காங்க. பால் தேத்தண்ணி நூறு ரூபா ஆனது அந்த வருஷம்தான். அதுக்குப் பிறகு சிற்றுண்டிச்சாலை உரிமையாளர் சங்கம் கொத்து விலை குறையுது, தேத்தண்ணி விலை குறையுது என்று அடிக்கடி டீவியில் அறிவிக்கும். அந்த அறிவிப்பு மலையேறி ஹட்டன் வந்து சேர்றதுக்குள்ள விலை மறுபடியும் கூடிடும். கடை வாடகை, கரன்ட் பில், சம்பளம் எல்லாம் இருக்கு, விளங்குது. ஆனா விலைப்பட்டியலைத் தமிழிலயும் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்? ஒரு சாவியைக் கவுண்டரில் தொங்க விட?

எங்களுக்குள்ள இதில் ஒரு வாக்குவாதம் நடந்தது. ஒருத்தர் சொன்னார், "டூரிஸ்டுக்குக் கடை நடத்துறவன் டூரிஸ்டைத்தான் பார்ப்பான், அவன்கிட்ட போய் நியாயம் கேக்கிறதில அர்த்தமில்ல." ஏப்ரல் சீசனில் நுவரெலியாவைப் பாருங்க. குதிரை ஓட்டம், மலர்க் கண்காட்சி, கொழும்புக்காரங்க கூட்டம். விலையெல்லாம் ஏறி உக்காந்திருக்கும், ஊர்க்காரங்க டவுன் பக்கமே போக மாட்டாங்க. அந்த ஒரு மாசத்தில் வருஷத்து லாபத்தை எடுக்கிறவங்களைக் குறை சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. சரி. ஆனா ஹட்டன் நுவரெலியா இல்ல. சீசனில் மலையேற வர்றவங்க ராத்திரி இறங்கி விடியக் காலையில் போயிடுவாங்க. மிச்ச மாசம் முழுக்க அந்தக் கடைகளை நடத்துறது தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வர்ற காசுதான். அப்ப வர்ற காசுக்கு உக்கார இடம் வேணும்தானே?

இன்னொரு விஷயம் எங்களைக் கொஞ்சம் குழப்புது. எங்க சொந்தச் சாப்பாடு கடையில் கிடைக்கிறதில்ல. தேங்காய்ப்பூ போட்டுப் பிசைஞ்சு விறகடுப்புக் கல்லுல சுட்ட தடிச்ச ரொட்டி, அம்மியில் அரைச்ச கட்ட சம்பல், தோட்டத்தில் புடுங்கின கீரை, கருவாட்டுக் கொழம்பு, ஒரு கோப்பை சாயம். அந்த ரொட்டி கோதுமை மாவில்தான் வந்தது, ஏன்னா தோட்டம் குடுத்து சம்பளத்தில் வெட்டிக்கிட்டது அந்த மாவைத்தான். அதை வச்சு எங்க பாட்டிமார் செஞ்சது எங்க சமையல். மட்டக்களப்பு நண்பர்கள் மலை இறங்கி வந்து நோர்வூட் வீட்டில் சாப்பிட்டதும் இதுதான். ஏழு பேர் இருபத்தாறு ரொட்டி (எண்ணினது நாங்க இல்ல, தங்கச்சி). "இத ஏன் கடையில விக்கிறதில்ல?" என்று ஒருத்தன் கேட்டான். அம்மா அதை ஒரு பகிடியா எடுத்துக்கிட்டு, "காசு குடுத்து யாரு ரொட்டி தின்பா?" என்றாங்க.

தின்பாங்கம்மா. பேராதனைப் பக்கம் படிக்கிற எங்களுக்குக் கன்னொருவையில் இருக்கிற ஹெல பொஜுன் தெரியும். விவசாயத் திணைக்களம் இடத்தைக் குடுக்க, கிராமத்துப் பொம்பளைங்க தாங்களே சமைச்சு விக்கிறாங்க. நம்ம கண் முன்னால சுடுவாங்க, தட்டில் எடுத்து வந்து எங்க வேணும்னாலும் உக்காரலாம். வடக்கில் அதே மாதிரி ஏற்பாடு அம்மாச்சி என்ற பெயரில் யாழ்ப்பாணத்திலயும் வவுனியாவிலயும் ஓடுது. வவுனியா அம்மாச்சியில் பஸ் நிப்பாட்டி இலைக்கஞ்சி குடிக்காத யாழ்ப்பாண நண்பர் எங்களுக்கு இல்ல. விலை குறைவு, கூட்டம் எப்பவும் இருக்கும், சமைக்கிறதும் காசு வாங்குறதும் பொம்பளைங்க. அதனாலேயே ஒரு பொம்பளை தனியா உள்ள போய் உக்காந்தா யாரும் திரும்பிப் பார்க்கிறதில்ல. தமிழ்நாட்டில் 2013இல் தொடங்கின அம்மா உணவகம் இன்னும் மலிவு, ஆனா அது அரசாங்கம் காசு போட்டு நடத்துறது. நாங்க கேக்கிறது அந்தளவுக்குக்கூட இல்ல.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கட்டடம். தோட்டத்துப் பொம்பளைங்க பத்துப் பதினைஞ்சு பேர் முறை வச்சு சமைக்கட்டும். ரொட்டியும் கட்ட சம்பலும் இருக்கட்டும். கோதுமை மா என்று யாராவது முகம் சுளிச்சா, ஹெல பொஜுன் மாதிரிக் குரக்கனிலயும் ரெண்டு சுடலாம், சீனி வருத்தக்காரங்களுக்கும் நல்லது. ஆனா எங்க ரொட்டியை 'ஆரோக்கியமில்ல' என்று வெளியில நிப்பாட்டிட்டுத் தொடங்குறதா இருந்தா வேணாம். நல்ல தேத்தண்ணி இருக்கணும், டஸ்ட்டைக் கொதிக்க வச்சு ஊத்துறது இல்ல, எங்க மலையில் விளையிற நல்ல தூள். நாட்டில் விளையிற தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல கப்பல் ஏறிடுது, ஒரு மூட்டையாவது ஹட்டனில் இறங்கட்டும். பூட்டாத கக்கூஸ். தமிழில் விலை. அரைப்பேருக்குள்ள ஒரு ஆள் வயிறு நிறைய. நகர சபைக்கு இதை ஒரு கடிதமா எழுதிக்கிட்டிருக்கோம், எங்களில் சிங்களம் ஒழுங்கா எழுதத் தெரிஞ்ச ஒரே ஆளுக்கு இப்ப எக்ஸாம், அதான் தாமதம்.

அதுவரைக்கும் பட்டியல் வேலை தொடங்கியாச்சு. அடுத்த லீவில் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் மூணு டவுனிலயும் கடை கடையா ஏறி இறங்கப் போறோம், மழை விட்டா. ஒவ்வொரு கடைக்கும் நாலு விஷயம்தான் எழுதுவோம்: எத்தனை பேர், தமிழில் விலை ஒட்டியிருக்கா, பொம்பளைங்க தனியா உக்கார முடியுமா, சாவி எங்க இருக்கு. ருசியை நீங்களே போய்ப் பார்த்துக்கோங்க. தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்து ஆக்கள் உங்க ஊர்க் கடைகளை இதே கணக்கில் எழுதி அனுப்புங்க. போகும்போது முடிஞ்சா அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க கதிரையில் எப்படி உக்கார்றாங்க என்று பாருங்க.